ஒத்துப்போக வேண்டியவர் யார்?

இருவரிடையே பிணக்கு நேரும்போது, "கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்" என்று அறிவுரை கூறாதவர் நம்மில் அரியர். நல்ல அறிவுரைதான். ஆனால் அது யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சம் உறுத்தும். மாமியாரை விட்டுவிட்டு மருமகளிடம் சொல்கிறோம். முதலாளியை விட்டுவிட்டுக் கூலியாளிடம் சொல்கிறோம். உண்மையில் ஒத்துப்போக வேண்டியவர் யார்? இவ்வினாவுக்குப் பழைய காரின் கியர் பாக்ஸ் ஒன்று தெளிவான விடை தருகிறது.

சென்னையில் இயங்கிவந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961இல் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' காரைத் தயாரிக்கத் தொடங்கியது. 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'டிரையம்ஃப் ஹெரால்டு' அதன் மூலம். அந்த ஹெரால்டை அடிப்படையாகக் கொண்டே 1962இல் 'ஸ்பிட்ஃபயர்' என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரும் அங்கே உருவாயிற்று. ஹெரால்டில் கியர்கள் நான்கு. மேல் மூன்றுக்கும் 'சிங்க்ரோமெஷ்' உண்டு. முதல் கியருக்கு இல்லை.

கியர் பாக்ஸுக்குள் இரண்டு சுழற்சிகள் உள்ளன. ஒன்று எஞ்சினிலிருந்து வருவது. மற்றொன்று சக்கரங்களோடு பிணைந்தது. வேகம் ஒவ்வாதபோது இவற்றை வலிந்து இணைத்தால் பற்கள் நறநறவென்று கடிபடும். சிங்க்ரோமெஷ் என்பது, இணையும் முன்னரே உராய்வினால் இரண்டின் வேகத்தையும் சமன்செய்யும் வளையம். 1928இல் அமெரிக்காவின் கேடிலாக் கார்களில் அது அறிமுகமானது. அது இல்லாத கியரில் அவ்வேலை ஓட்டுநருடையது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வருவார். கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை அழுத்தி எஞ்சினின் வேகத்தைக் கூட்டுவார். மீண்டும் கிளட்சை மிதித்துக் கீழ் கியரில் இடுவார். இதனைத்தான் நம் ஓட்டுநர்கள் 'டபுள் கிளட்ச்' என்கிறார்கள்.

இதில் வேகத்தை மாற்றிக்கொள்வது எது? வலிமை மிக்க எஞ்சின்தான். காரணம் எளிது. சக்கரம் முழு வண்டியின் பாரத்தோடும் சாலையோடும் கட்டுண்டது. நொடியில் தன்னை மாற்றிக்கொள்ள அதனால் இயலாது. நியூட்ரலில் நிற்கும் எஞ்சினுக்கோ அப்போது பாரமில்லை. யாருக்குச் சுமை இல்லையோ, அவருக்கே மாறும் சுதந்திரம் உண்டு. சுதந்திரம் உள்ளவருக்கே ஒத்துப்போகும் கடமையும் உண்டு.

நம் தூத்துக்குடி உப்பளங்களைப் பாருங்கள். மழை மாதங்களில் உப்பு விளையாது. தொழிலாளியின் கூலியும் நின்றுபோகும். ஆனால் அவர் வீட்டு அடுப்பையும் பிள்ளைகளின் படிப்பையும் அவ்வாறு நிறுத்திவைக்க முடியுமா? அவர் பாரத்தோடு ஓடும் சக்கரம். கடன் தவணையைத் தள்ளிவைக்கவும் முன்பணம் கொடுக்கவும் கூடியவர் எதிரே இருக்கிறார். ஆயினும், "பொறுத்துக்கொள்" என்னும் சொல்லைச் சக்கரத்திடமே சொல்லிப் பழகிவிட்டோம்.

எளியவருக்கு ஒத்துப்போனால் தலைமை போய்விடுமே என்று அஞ்சுவோர் உண்டு. கியர் விழுந்தபின் வண்டியை இழுத்துச் செல்வது யார்? எஞ்சினேயன்றோ! ஒத்துப்போனதால் அது தன் ஆற்றலை இழக்கவில்லை. ஒத்துப்போனதால்தான் அந்த ஆற்றல் சக்கரத்தைச் சென்றடைந்தது.

சட்டங்களும் ஊர் வழக்கங்களும் சிங்க்ரோமெஷ் வளையம் போன்றவை. பல உரசல்களை அவை தணிக்கின்றன. ஆனால் நிறைந்த பாரத்தோடு செங்குத்தான மேட்டில் ஏறும்போது தேவைப்படுவது முதல் கியர். ஹெரால்டில் அங்கே வளையம் இல்லை. வீட்டின் நான்கு சுவர்களுக்குள் நோயும் வறுமையும் புகும் நாள்களும் அப்படிப்பட்டவையே. கணவன் மனைவிக்கு, வளர்ந்த மகன் தளர்ந்த தந்தைக்கு எவ்வளவு ஒத்துப்போக வேண்டும் என்பதை எந்தச் சட்டமும் அளந்து சொல்வதில்லை. அங்கே மனச்சாட்சிதான் வேகத்தைச் சமன்செய்ய வேண்டும்.

ஆகவே, அடுத்தமுறை ஒருவரிடம் "அனுசரித்துப் போங்கள்" என்று சொல்லுமுன், இருவரில் பாரம் சுமப்பவர் யார் என்று கேட்டுக்கொள்வோம். விடை தெரிந்தபின் அந்த அறிவுரையை மற்றவரிடம் சொல்வோம். அந்த மற்றவர் நாமாகவே இருந்தால், நமக்கே சொல்லிக்கொள்வோம்.