மழை லில்லி எந்த ஊர்ப் பூ?

குளிர்நாட்டுத் தோட்டக்காரருக்கு வசந்தத்தின் முதல் சாட்சி, மண்ணுக்கடியில் உறங்கிக் கிடந்த சின்னஞ்சிறு கிழங்குதான். பனி முற்றாகக் கரையுமுன்பே ஸ்னோடிராப், குரோக்கஸ் என்று விரல் நீளப் பூக்கள் அங்கு தலைகாட்டிவிடுகின்றன. அவை பூப்பதற்குப் பல வாரக் கடுங்குளிர் வேண்டும். கலவான பிரதேசத்தில் அவற்றை வளர்க்க முனைவது கிழங்கை அழுகக் கொடுப்பதுதான்.

ஆனால் அதே வேலையைச் செய்யும் ஒரு கிழங்கு நம்மிடமும் உண்டு. தை, மாசியில் மழை சற்று ஓய்ந்திருக்கும். பங்குனி, சித்திரையில் பிற்பகல் இடியோடு பெருமழை ஒன்று கொட்டும். அதற்கு மூன்று நான்கு நாட்களின் பின் முற்றத்து ஓரமெல்லாம் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கும். மழை லில்லி என்பார்கள், இடி லில்லி என்பாரும் உளர். பூவில்லாத நாட்களில் அதை யாரும் கவனிப்பதில்லை. வெங்காயத் தாள் என்றோ புல் என்றோ நினைத்து மிதித்துப் போவார்கள். (வெங்காயம் என்று நினைத்துக் கறிச்சட்டியில் போட்டுவிடக் கூடாது. அதன் கிழங்கு நஞ்சு.)

இதை வளர்ப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் அது இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். கொஞ்சம் காயவிட்டு, பிறகு நனைத்தால்தான் பூக்கும். இரத்தினபுரி மாவட்டத்தின் இந்த ஈர மூலையில் மழை லில்லி வைத்திருப்பவர்களின் பொதுவான முறைப்பாடு, செடி செழிக்கிறது, பூவைக் காணோம் என்பதுதான். கிழங்குகளைச் சட்டியில் நட்டு, தாழ்வாரத்துக் கூரையின் கீழே மழை படாமல் மூன்று நான்கு வாரம் வைத்திருந்து, பின்னர் ஒரேயடியாக நனைத்துப் பார்க்கலாம். மண்ணில் மணல் கலந்திருப்பது நல்லது. ஒரு கிழங்கைச் சுற்றிக் குட்டிக் கிழங்குகள் பெருகும். அவற்றைப் பிரித்து அயலாருக்குக் கொடுப்பதே இச்செடி பரவும் வழி. பூ ஓரிரண்டு நாளில் வாடிவிடும். பூ வியாபாரி அதைச் சீந்தமாட்டான்.

இந்தப் பூவை 'எங்கள் ஊர்ப் பூ' என்று எல்லோரும் சொல்கிறோம். தாவரவியலாளரைக் கேட்டால் இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம் என்பார். வெள்ளை இனம் தென்னமெரிக்காவின் லா பிளாட்டா ஆற்றுப் பக்கத்தது. இளஞ்சிவப்பு இனங்கள் மெக்சிக்கோவுக்கும் கரீபியனுக்கும் உரியவை. அப்படியானால் இது அந்நியமா, நம்முடையதா? சிறு பூவை வைத்துக் கேட்டாலும் இது சிறு கேள்வி அல்ல.

கலவான வழியாக வெத்தாகல, குடாவ சென்று சிங்கராஜ வனத்துக்குள் நுழைபவர்களுக்கு இக்கேள்வியின் இன்னொரு முகம் தெரியும். 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காடு அது. அங்கே வெட்டவெளிகளிலும் பாதையோரங்களிலும் கட்டகலு போவிட்டியா என்ற புதர் அடர்ந்து கிடக்கிறது. பழத்தைத் தின்றால் வாய் கறுத்துவிடும். அதுவும் அமெரிக்க வெப்பவலயத்திலிருந்து வந்ததே. உள்ளூர்க் கன்றுகள் முளைக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. அதைப் பிடுங்கச் சொல்லும் சூழலியலாளரைக் குறைகூற முடியாது.

ஆனால் அதே காட்டின் எல்லையில் கரீபியப் பைன் மரங்களும் நிற்கின்றன. காட்டுக்குக் காவல்வலயமாக நடப்பட்டவை. வேற்றுநாட்டு மரம் என்று அவற்றைப் பழித்தவர்கள் பலர், அதில் நியாயமும் இருந்தது. பிற்பாடு பேராதனைப் பல்கலைக்கழகத்து நிமல், சாவித்திரி குணதிலக்க ஆகியோர் பங்குகொண்ட ஆய்வுகளில், பைன் வரிசைகளிடையே சில மரங்களை அகற்றி உள்ளூர் மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். பைனின் நிழலிலே அவை வளர்ந்தன. ஆக, அறிவியல் கேட்பது 'நீ எங்கிருந்து வந்தாய்' என்பதை அல்ல, 'இங்கே என்ன செய்கிறாய்' என்பதையே.

செடிக்கு இந்தக் கேள்வி போதும். மனிதருக்குப் போதுமா?

இந்நாட்டில் மனிதரிடம் முதற்கேள்விதான் கேட்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களிடம் தகப்பன், பாட்டன் பிறந்த இடத்துக்கு அத்தாட்சி கேட்டது. மறுவருடம் வந்த சட்டத்தின் பெயரே 'இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்' என்று தொடங்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று கணக்குப் பிரித்தது. மீதி 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அசாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த தேயிலையிடமோ, 1876இல் பிரேசில் விதையின் கன்றாக வந்திறங்கிய றப்பரிடமோ யாரும் அத்தாட்சி கேட்கவில்லை. அவை பணம் தந்தன.

இதற்கு நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் எனக்கு உடன்பாடானதல்ல. 'அவர்கள் அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தார்கள், ஆகவே உரிமை கொடுங்கள்' என்கிறோம். நம் சமூகத்தைப் பற்றிப் பேசும்போதும் வர்த்தகத்தால் நாட்டுக்கு என்ன நன்மை செய்தோம் என்ற பட்டியலையே முதலில் நீட்டுகிறோம். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அது மனிதரிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்பதை ஒத்துக்கொள்வதாகும். கொழுந்து பறிக்க முடியாத கிழவிக்கும், நோயாளிக்கும், வேலையற்ற இளைஞனுக்கும் அந்த வாதத்தில் இடமில்லை. பயன்பட்டதால் உரிமை என்றால், பயன் தீர்ந்த அன்று உரிமையும் தீரும். செடியைப் பிடுங்குவதற்கான நியாயத்தை மனிதர்மீது வைக்கக் கூடாது. செடியை வைத்துக்கொள்வதற்கான நியாயத்தையும் அவ்வாறே வைக்கக் கூடாது.

மழை லில்லி எதற்கும் பயன்படாதது. சந்தைக்குப் போகாது, சமையலுக்கு ஆகாது. ஆனாலும் வீடு மாறும்போது ஒரு கைப்பிடிக் கிழங்கைத் தோண்டி எடுத்துப்போக ஆட்கள் இருக்கிறார்கள்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரசாவுரிமைக்கு வழி திறந்தது. பாட்டனின் ஊரை அது கேட்கவில்லை. 1964 ஒக்டோபர் முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்தவர், அல்லது அவர் வழிவந்தவர் என்பதே போதுமாயிற்று. ஆயினும் சப்ரகமுவத் தோட்டங்களில் லய வாசலுக்கு முன்னால், தகர டின்னிலும் இரண்டடி மண்ணிலும் பூ வளர்க்கும் குடும்பங்கள் பலவற்றிடம், அந்த இரண்டடிக்கு இன்னமும் காணி உறுதி இல்லை.