முதல் பெயர், இரண்டாம் பெயர்

மும்பையில் அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் பெரும்பாலும் அது ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம். எந்த மொழிக்காரரும் ‘சொசைட்டி’ என்று சொல்வது இதைத்தான். தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதிலிருந்து காவலாளியின் சம்பளம் வரை எல்லாவற்றையும் குடியிருப்பவர்களே கூடிப் பேசி, குழு தேர்ந்தெடுத்து, கணக்குப் பார்த்து நடத்த வேண்டும். இது ஒரு சின்னக் குடியரசு. இந்தக் குடியரசின் குடிமக்கள் யார்?

பங்குச் சான்றிதழில் பெயர் உள்ளவர் என்பது சட்டத்தின் விடை. கணவனும் மனைவியும் சேர்ந்து வீடு வாங்கினால் இரண்டு பெயரும் சான்றிதழில் இருக்கும். ஆனால் வாக்கு ஒன்றுதான். மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி, முதல் பெயருக்கு உரியவர் கூட்டத்துக்கு வந்திருந்தால் வாக்கு அவருடையது. அவர் வராதபோதுதான் இரண்டாம் பெயருக்கு அந்த உரிமை. யார் பெயர் முதலில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அதை நம் வீடுகள் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கின்றன. கடன் தவணையில் பாதியைக் கட்டுகிற பெண்ணும் தன் சங்கத்தில் பேச வேண்டுமென்றால், கணவர் அன்றைக்கு ஊரில் இல்லாமல் இருக்க வேண்டும்.

“வீட்டில் பேசித்தானே முடிவெடுக்கிறோம், யார் கை தூக்கினால் என்ன?” என்று கேட்பார்கள். இது பழைய வாதம். பெண்களின் நலன் அவர்களுடைய தந்தையின் நலனிலோ கணவனின் நலனிலோ அடங்கிவிடுகிறது, எனவே அவர்களுக்குத் தனி வாக்குத் தேவையில்லை என்று 1820இல் ஜேம்ஸ் மில் எழுதினார். அதற்கு மறுப்பாக 1825இல் ஒரு நூல் வந்தது. எழுதியவர் அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் தாம்சன். அதிலுள்ள சிந்தனைகளில் பெரும்பங்கு அன்னா வீலருடையது என்று அவரே முன்னுரையாக அமைந்த கடிதத்தில் ஒப்புக்கொண்டார். தாம்சன் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிச் சிந்தனையாளர்களில் ஒருவர். பெண் விடுதலையும் கூட்டுறவும் ஒரே மேசையில் எழுதப்பட்ட காலம் அது. இருநூறு ஆண்டுகள் கழித்தும் ஒரு கூட்டுறவுச் சங்கம் வாக்குரிமையில் மில்லின் பக்கம் நிற்கிறது என்பது வேடிக்கை அல்ல.

வாக்கு ஒருவருக்கு இருக்க, வேலை வேறொருவரிடம் இருக்கிறது. தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும், எந்தக் குழாயில் சேறு கலந்து வருகிறது, மூன்றாம் மாடிப் பாட்டிக்கு லிஃப்ட் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதெல்லாம் பகலில் வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஜோன் டிராண்டோ என்ற அமெரிக்கப் பெண்ணியச் சிந்தனையாளர், பராமரிப்புப் பொறுப்புகளை யார் யாருக்குப் பகிர்வது என்பதே ஜனநாயகத்தின் மையக் கேள்வி என்கிறார். முக்கியமான வேறு வேலை இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வசதியை, சலுகையால் கிடைத்த பொறுப்பின்மை என்று பெயரிடுகிறார். சொசைட்டியில் இது அப்படியே தெரியும்: தொட்டி கழுவும் நாளில் நின்று பார்ப்பவள் ஒருத்தி, தொட்டிக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் இன்னொருவர்.

இட ஒதுக்கீடு இதைச் சரிசெய்யுமா? கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகக் குழுவில் பெண்களுக்கு இரண்டு இடங்கள் வேண்டும் என்றது 97ஆவது அரசியல் சட்டத் திருத்தம். அந்தப் பகுதி பல மாநிலச் சங்கங்களுக்கு மட்டுமே செல்லும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலச் சங்கங்களுக்கு மாநிலச் சட்டமே வழி. இடம் தேவைதான். ஆனால் அலுவலகம் முடிந்து, சமையல் முடிந்து, குழந்தையின் வீட்டுப்பாடம் முடிந்து குழுக் கூட்டத்துக்குப் போகும் பெண்ணுக்கு அந்த இடம் மூன்றாவது வேலை நேரமாகிவிடுகிறது. கோலமும் விழாவும் அவளிடம், கணக்கும் ஒப்பந்தமும் ஆண்களிடம் என்று குழுவுக்குள்ளேயே மறுபடி ஒரு சமையலறை உருவாகிவிடுகிறது. பங்கேற்க வா என்று அழைக்கும் முன், அவள் கையில் இருப்பதை யார் வாங்கிக்கொள்வார் என்று கேட்க வேண்டும்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. பெண்கள் குழுவுக்கு வந்துவிட்டால் சங்கம் நியாயமாகிவிடுமா? வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் பொது லிஃப்டில் ஏறக் கூடாது என்ற விதி பல குடியிருப்புகளில் உண்டு. அப்படி ஒரு தீர்மானம் வரும்போது அதற்குக் கை தூக்குபவர்களில் பெண்களும் இருப்பார்கள். பத்து வருடமாக அந்தக் கட்டடத்தின் நான்கு வீடுகளைத் துடைத்து வைப்பவளுக்கு அங்கே பெயரே இல்லை, முதலும் இல்லை, இரண்டும் இல்லை. வாடகைக்கு இருப்பவருக்கும் வாக்கு இல்லை. இரண்டாம் பெயராக இருப்பதன் வலி தெரிந்தவள், பெயரே இல்லாதவளை மறந்தால், அவள் கேட்டது நியாயம் அல்ல, தன் முறை மட்டும்தான்.

எனவே அளவுகோலை மாற்ற வேண்டும் என்கிறேன். ஒரு கட்டடத்தில் பேசும் உரிமை, அதை உடைமையாக வைத்திருப்பதிலிருந்து மட்டும் பிறக்கக் கூடாது. அதன் முடிவுகளைத் தாங்குவதிலிருந்தும், அதைத் தாங்கிப் பிடிப்பதிலிருந்தும் பிறக்க வேண்டும். சட்டம் மாறும்வரை செய்யக்கூடியவையும் உண்டு. புது வீடு பதியும்போது யார் பெயர் முதலில் என்று வாய்விட்டுக் கேட்கலாம். கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். வேலை செய்பவர்களைப் பற்றிய எந்த விதியையும் அவர்களை அழைத்துக் கேட்காமல் நிறைவேற்ற மாட்டோம் என்று பொதுக்கூட்டத்தில் எழுதி வைக்கலாம். அந்தக் கூட்டத்தில் அவர்களுக்கும் நாற்காலி போட வேண்டும்.