சீதோஷ்ணமும் தர்மமும்

ஞானத்தை உபதேசிக்க முற்பட்ட நூல்கள் குளிரையும் வெப்பத்தையும் பற்றி மிக விரைவிலேயே பேச வேண்டியிருந்தது என்பது சற்று நின்று யோசிக்கத்தக்க விஷயம். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் ஆத்மாவின் அழிவின்மையைக் கண்ணன் எடுத்த எடுப்பிலேயே, சீதமும் உஷ்ணமும் வந்து போகிறவை, அவற்றைச் சகித்துக்கொள் என்ற பேச்சும் வந்துவிடுகிறது. சமணரான உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம், துறவி பொறுக்க வேண்டிய 22 பரீஷகங்களை எண்ணும்போது, பசிக்கும் தாகத்துக்கும் அடுத்தபடியாகக் குளிரையும் வெப்பத்தையும் வைக்கிறது. அப்படியிருக்க, புதுக்கோட்டையில் வீட்டுக் கொல்லையில் தகரக் கொட்டகை போட்டுச் சிறு தச்சுப்பட்டறை ஒன்றை வைத்துக்கொண்ட நான், அதற்குள் தட்பத்துக்கும் வேண்டிய இடத்தில் வெப்பத்துக்கும் என் கையாலேயே ஓர் ஏற்பாடு செய்துகொள்ள நினைத்தபோது, அது மின்சாமான் கடையில் விசாரித்து முடித்துவிடுகிற காரியமாக எனக்குப் படவில்லை. உடம்புக்காக உலகத்தைத் திருத்திக்கொள்வதா, உலகத்தின் போக்குக்கு உடம்பைப் பழக்குவதா என்ற பழைய விவாதம் சித்திரை வெயிலோடு சேர்ந்து கொட்டகைக்குள்ளும் புகுந்துவிட்டது.

இந்த விவாதத்தை நடத்த எங்கள் ஜில்லாவைக் காட்டிலும் தகுந்த இடம் எது? ஊரிலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில் சித்தன்னவாசல் இருக்கிறது. அங்கே ஏழடிப்பட்டம் என்று சொல்லப்படுகிற இயற்கைக் குகையில், ஒருவருக்கு ஒன்றாக வழவழவென்று தேய்த்த 17 கற்படுக்கைகள் உள்ளன; தலைமாட்டில் தலையணைபோலக் கல்லையே சற்று உயர்த்தி விட்டிருக்கிறார்கள். அவற்றில் பழமையான ஒன்றில் கிறிஸ்துவுக்கு முற்பட்ட தமிழி எழுத்துகள் காணப்படுகின்றன. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஈதென் என்பவருக்காக இளையர் என்பவர் இந்த இருக்கையைச் செய்தார் என்பது அதன் சாரம். அந்த வாசகத்தில் என் மனத்தைத் தைப்பது, செய்தவர் ஒருவர், படுத்தவர் வேறொருவர் என்கிற செய்திதான். உடலை வருத்தி வினையை உதிர்க்க வந்த துறவி தமக்கென்று ஒரு கல்லையும் செதுக்கிக்கொள்ளவில்லை. அவர் வருந்திக் கிடக்கப் போகிற கல்லைக்கூட முதுகில் உறுத்தாதபடி வழவழப்பாக்கித் தர வேண்டும் என்று இல்லறத்தான் ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறது. மாங்குளம் முதலிய இடங்களில் குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி நீர்வடி விளிம்பு வெட்டியிருப்பதும் இதே ஜாதிக் காரியம். தவம் செய்கிறவன் வெயிலையும் மழையையும் பொறுப்பான். அவனுக்காக அவற்றைத் தடுப்பது அயலானின் தர்மம். இரண்டும் ஒரே பாறையில் முரண்படாமல் இருந்திருக்கின்றன.

அதே குன்றில் உள்ள அறிவர் கோயிலின் விதானத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். தீர்த்தங்கரரின் உபதேச சபையாகிய சமவசரணத்தைச் சேர்ந்த தாமரைத் தடாகம் அங்கே தீட்டப்பட்டிருக்கிறது. மீனும் அன்னமும் யானையும் எருமையும் நீரில் திளைக்க, முக்திக்குத் தகுதி பெற்ற பவ்வியர்கள் இறங்கி மலர் கொய்கிறார்கள். பாறை கொதிக்கிற நாட்டில், உஷ்ணத்தைச் சகிக்க வேண்டும் என்று விதித்த சமயம், சுவர்க்கத்துக்கு நிகரான சபையை வர்ணிக்கப் புகுந்தபோது அதில் ஒரு குளத்தை வைக்காமல் இருக்க முடியவில்லை. இதைப் பலவீனம் என்று நான் சொல்லமாட்டேன்.

திதிக்ஷையின் எல்லையைக் காண வேண்டுமானால் சதாசிவ பிரம்மேந்திரரைத்தான் நினைக்க வேண்டும். 1738-இல் திருவரங்குளத்துக் காட்டில் விஜயரகுநாதத் தொண்டைமான் அவரைச் சந்தித்தார் என்றும், மௌன விரதம் பூண்டிருந்த அவர் மணலில் உபதேசத்தை எழுதிக் காட்டினார் என்றும், அரசர் அந்த மணலையே அள்ளிச் சென்று அரண்மனையில் வைத்து வழிபட்டார் என்றும் சமஸ்தானத்து வரலாறு சொல்லும். ஆடையும் இன்றி வெயிலில் திரிந்த அந்த அவதூதருக்குக் கொட்டகை ஏது, குளிர்சாதனம் ஏது! சங்கரர் பெயரால் வழங்கும் விவேகசூடாமணி, பரிகாரம் தேடாமலும் கவலையும் புலம்பலும் இல்லாமலும் துன்பத்தைப் பொறுப்பதே திதிக்ஷை என்று இலக்கணம் வகுக்கிறது. அந்த இலக்கணப்படி பார்த்தால், சுவரில் துளையிட்டு ஒரு காற்றாடியைப் பொருத்துகிற கணத்திலேயே நான் தோற்றவன். தோல்வியை ஒப்புக்கொள்ளத் தடையில்லை. ஆனால் அந்த இலக்கணம் பொறுக்கிறவனின் சொந்தத் துன்பத்தைப் பற்றியது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். தகரத்தின் கீழ் கூலிக்கு வேலை செய்கிறவனிடமும், அடுப்படியில் வேகிற மனைவியிடமும் திதிக்ஷையை எடுத்து ஓதுகிறவன் வேதாந்தி அல்லன். அவன் செலவுக்கு அஞ்சுகிறவன். இந்த வகை வேதாந்திகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

இல்லறத்தானுக்கு ஒரு தொழில் இருக்கிறது. தொழிலுக்கென்று ஒரு சீதோஷ்ணமும் இருக்கிறது. கீழ ராஜ வீதிப் பக்கத்தில் எனக்குப் பழக்கமான பொற்கொல்லர் ஒருவர் உமியோட்டின் முன் குந்தி, ஊதுகுழலால் சுடரை ஒரு மயிரிழைக்குச் செலுத்திப் பற்றவைக்கிறவர். தலைக்கு மேலே மின்விசிறி தொங்குகிறது. வேலை நேரத்தில் அது சுற்றாது. சுற்றினால் சுடர் சாயும்; அரத்தூளில் கலந்த பொன் பறக்கும். “நீங்க வேணா விசிறிக்குக் கீழ உக்காருங்க ஐயா, எனக்கு வச்சா நெருப்புக் கோவிச்சுக்கும்” என்றார் ஒருநாள். தச்சு வேலையிலும் இப்படித்தான். வச்சிரப் பசையை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து இளக்கிப் பூசும்போது காற்று அடித்தால், பலகையும் பலகையும் சேருமுன்பே அது இறுகிவிடும். ஆகவே பட்டறையில் ஒரு மூலையில் சூடும் மற்றொரு மூலையில் குளிர்ச்சியும் ஒரே வேளையில் வேண்டியிருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், இக்காலத்துக் குளிர்சாதனத்தின் பிறப்பே மனித சுகத்துக்காக நேர்ந்ததன்று. 1902-இல் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் முதன்முதலில் அதை வகுத்தது புரூக்ளினில் இருந்த ஓர் அச்சுக்கூடத்துக்காக. ஈரக்காற்றில் காகிதம் விரிந்து சுருங்கி வர்ணங்கள் இடம் மாறிப் பதிந்ததைத் தடுப்பதற்காக. அச்சுக் கோத்தவர்கள் பெற்ற குளிர்ச்சி காகிதத்தின் பிரசாதம்.

பிரசாதம் என்று சொன்னேன். கத்திரி நாட்களில் சிவாலயங்களில் லிங்கத்துக்கு மேலே தாரா பாத்திரத்தைத் தொங்கவிட்டு, அடியிலுள்ள துளை வழியாக நாளெல்லாம் சொட்டுச்சொட்டாக நீர் விழச் செய்கிறார்கள். மதுரையில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய புதுமண்டபத்தைச் சுற்றி நீர் தேக்குவதற்கென்றே கால்வாய் அமைத்தார். வியர்வை அறியாத மூர்த்திக்கு இவையெல்லாம் எதற்கு என்று நாஸ்திகர் கேட்கலாம். எனக்கு என்னவோ, தனக்கு வேர்க்கிறபோது பிறருக்கும் வேர்க்கும் என்று எண்ணத் தெரிந்த மனத்தின் பயிற்சியாகவே அந்த உபசாரம் தோன்றுகிறது.

இனி இயந்திரத்துக்கு வருவோம். குளிர்ச்சியை எந்த இயந்திரமும் உண்டாக்குவதில்லை. அறையிலிருக்கிற வெப்பத்தை வாரி வெளியே கொட்டுகிறது, அவ்வளவே. தானாகக் குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பம் போகாது என்று 1850-களில் கிளாசியஸ் வகுத்த விதிக்கு உட்பட்டே வெப்பத்தை எதிர்த்திசையில் செலுத்த மின்சாரத்தைக் கூலியாகக் கொடுக்கிறோம். அந்தக் கூலியும் வெப்பமாகவே மாறி வெளியே சேர்கிறது. ஒரு டன் கொள்ளளவுள்ள ஏ.ஸி. அறையிலிருந்து 3.5 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறதென்றால், சுமார் 1 கிலோவாட் மின்சாரத்தையும் சேர்த்துக்கொண்டு, 4.5 கிலோவாட்டைச் சுவருக்கு அப்பால் தள்ளுகிறது. சுவருக்கு அப்பால் யார் இருக்கிறார்? மெக்கானிக்கை அழைத்துப் பணம் கொடுத்துவிடுகிறவனுக்கு இந்தக் கேள்வி எழ வேண்டிய அவசியமே இல்லை. தானே ஏணி வைத்து ஏறித் துளையிடுகிறவனுக்கு எழாமல் இருக்க வழியில்லை. கிழக்குச் சுவரில் வைத்தால் அடுத்த வீட்டுப் பாட்டியின் ஜன்னல். தெற்கே வைத்தால் மாட்டுத் தொழுவம். வடக்கே நடைபாதை. வினையை ஒரு நுண்ணிய ஜடப்பொருளாகவே, ஆத்மாவில் வந்து ஒட்டுகிற புத்கலமாகவே சமணர் கொண்டார்கள். ஏணியின் மேல் நின்றிருந்தபோது அந்தக் கொள்கை எனக்கு முன்பில்லாத அளவுக்கு விளங்கியது. வெப்பத்தை அழிக்க முடியாது, கைமாற்றத்தான் முடியும். உவமையை இதற்கு மேல் இழுத்தால் சமணப் பண்டிதரும் பௌதிகப் பேராசிரியரும் ஒருசேரக் கோபிப்பார்கள்; விட்டுவிடுகிறேன்.

வாயுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய இயந்திரத்தை இடம் மாற்றுகிறபோது குழாயைக் கழற்றி உள்ளேயிருப்பதைச் சீறவிட்டு வெளியேற்றுகிற வழக்கம் நம் ஊர்களில் சர்வசாதாரணம். அத்தகைய பழைய இயந்திரங்கள் பலவற்றில் இருக்கும் ஆர்-22 என்னும் வாயு ஓஸோன் படலத்தைத் தின்பது. 1987-இல் ஏற்பட்ட மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டது. பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போலச் சுமார் 1,800 மடங்கு வல்லமையுள்ளதும்கூட. வாயு முழுவதையும் வெளிப்பெட்டிக்குள் இழுத்துப் பூட்டிவிட்டுப் பிறகு குழாயைக் கழற்றுவதற்குச் சில நிமிஷமே பிடிக்கும். கண்ணுக்குப் புலப்படாத ஜீவன் மிதிபடக் கூடாதென்று மயிற்பீலியால் தரையைப் பெருக்கிவிட்டு அமர்ந்தவர்கள் வாழ்ந்த குன்றுக்கு அருகில் இருக்கிற நாம், அந்தச் சில நிமிஷத்தை அஹிம்சையின் கணக்கில் எழுதலாம். ஆனால் பழக்கமில்லாதவன் வாயுக் குழாயில் கை வைக்கலாகாது. அங்கே மட்டும் சுயகாரியம் என்ற பெருமையை மூட்டைகட்டி வைத்துவிட்டுத் தொழில் அறிந்தவரை அழைப்பதே விவேகம்.

நீர்க்குளிர்விப்பான் இந்தப் பாவத்திலிருந்து நம்மை விடுவிக்குமா? வெட்டிவேர்த் தட்டியில் நீர் கசிந்து ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை அது தன்னுள் மறைத்துக்கொள்கிறது. அயலான் சுவரில் எதையும் வீசுவதில்லை. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வேண்டும். ஆகவே மணிக்கு ஐந்து லிட்டருக்குச் சற்று அதிகமாக நீர் ஆவியானாலே ஒரு டன் இயந்திரத்தின் வேலைக்கு ஈடாகிவிடும். கணக்கு இனிக்கிறது. ஆனால் வற்றாத நதி ஒன்றுகூட இல்லாமல், வெள்ளாற்றில் எப்போதாவது ஓடுகிற நீரையும் வானத்தையும் கண்மாய்களையும் நம்பி வாழும் ஜில்லாவில், அந்த ஐந்து லிட்டர் யார் குடத்திலிருந்து வருகிறது? போதாக்குறைக்கு, கடலை ஒட்டிய மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கங்களில் காற்றே ஈரமாயிருப்பதால் இந்த உபாயம் பெரும்பாலும் பலிப்பதில்லை. நெடுமுற்றமும் உயர்ந்த ஓட்டுக்கூரையும் கனத்த சுவருமாக இயந்திரமின்றியே குளிர்ந்திருக்கும் ராயவரம், கடியாபட்டிச் செட்டிநாட்டு வீடுகளைக் காட்டி, முன்னோரின் ஞானத்தைப் பார் என்பவர்கள் உண்டு. பார்க்கத்தான் வேண்டும். அந்தத் தேக்கு உத்தரங்களும் அவற்றை வாங்கிய செல்வமும் எந்தப் பர்மா வயலில் யார் வேர்வையில் விளைந்தன என்பதையும் கூடவே பார்க்கலாம். கடனில்லாத குளிர்ச்சி மரநிழல் ஒன்றுதான் போலிருக்கிறது. அதையும் யாரோ நட்டு, யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

ஆகவே கடன் குறைந்த வழியிலிருந்து தொடங்கினேன். தகரத்தின் மேல் சுண்ணாம்பு அடித்து, அதற்கு ஒரு முழம் உயரத்தில் கீற்றுப்பந்தல் போட்டு இடையில் காற்றோட விட்டதிலேயே பாதி உபத்திரவம் தணிந்தது. சூடான காற்று மேலேறிப் போக முகட்டை ஒட்டி ஒரு திறப்பு. வச்சிரச் சட்டிக்குக் காற்றுப் படாத மூலையில் சிறு மின்னடுப்பு. ஏ.ஸி.யைக் கைவிட்டு நீர்க்குளிர்விப்பானையே வைத்துக்கொண்டேன். மழைநீரைப் பிடிக்கும் தொட்டியிலிருந்து அதற்குக் குழாய், தொட்டி வற்றினால் அதுவும் நின்றுவிட வேண்டியது என்பது ஏற்பாடு. எந்தப் பக்கம் அதன் வாயைத் திருப்புவது என்ற யோசனை வந்தபோது, குமுழூரில் பிறந்தவருக்குப் படுக்கை செய்த அந்த இளையரை எண்ணி, இழைப்புளி பிடிக்க வருகிற பையன் நிற்கும் இடத்தை நோக்கியே திருப்பி வைத்தேன். அவன் வந்து பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு சார், ஆனா மரத்தூளெல்லாம் கண்ணுல அடிக்குது” என்று அதை என் மேஜைப் பக்கம் திருப்பிவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கினான்.