மீட்கப்படுவது எது?

1967இல் எரிபொருள் உட்செலுத்தியோடு பிறந்த ட்ரையம்ஃப் டிஆர்5 காருக்கு, அந்த உட்செலுத்தியைச் சீர்படுத்தத் தெரிந்த மெக்கானிக் அகப்படாமையால், பின்னாளில் கார்புரேட்டரைப் பொருத்திக்கொண்டோர் உண்டு. இன்று அதைக் கழற்றி ஆதி அமைப்புக்கே திரும்புகிறவர் மீட்பது வண்டியின் ஸ்வரூபத்தையா, தம் கற்பனையையா?

உறுப்பு மாறினால் பொருளும் மாறிவிடுமா என்னும் இக்கேள்வி கோயிலிலும் எழக்கூடியதே. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மர், திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு, இலுப்பை மரத்தாலானதாகச் சொல்லப்படும் முந்தைய திருமேனிக்குப் பதிலாக, 12,008 சாளக்கிராமங்களும் கடுசர்க்கரை என்னும் கலவைச் சாந்தும் கொண்ட புதுத் திருமேனியை அமைத்தபோது, மூலப்பொருள் முற்றும் மாறியும், வேறு பெருமாள் வந்துவிட்டதாகப் பக்தர் கருதவில்லை. பழுதுற்றதைப் புதுப்பிக்கும் ஜீர்ணோத்தாரணச் சடங்கில் தெய்வ சாந்நித்தியம் கும்பத்தில் ஆவாஹனமாகிப் புதுமேனியைச் சேர்கிறதன்றோ!

வண்டிக்கு அத்தகைய கும்பம் ஏது? அதற்கு உள்ளதெல்லாம் ஓடிய வரலாறே. கார்புரேட்டரோடு கழிந்த ஆண்டுகளை மட்டும் மாயையென்று தள்ள எனக்குச் சம்மதமில்லை.