பதினோரு மாதம்

தரங்கம்பாடி வீட்டை விற்கும் பேச்சு எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில்தான் தொடங்கியது. அந்தக் குழுவில் சின்ன அத்தை இல்லை. அவரிடம் இருப்பது பட்டன் போன். அந்த வீட்டில் இன்று குடியிருப்பவர் அவர் ஒருவர்தான்.

சிறுவயதில் ஒவ்வொரு மே மாதமும் பதினெட்டுப் பேர் அங்கே கூடுவோம். 1620இல் கட்டத் தொடங்கிய டேனிஷ் கோட்டையின் முன்னால் கிரிக்கெட், இரவில் மொட்டைமாடியில் வரிசையாகப் பாய். அது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, ஃபைபர் படகுகள் கொண்டுவருவதுதான் மீன். விலையும் அதிகம். அத்தை விடியும் முன்பே கரைக்குப் போய் நிற்பார். நாங்கள் எழும்போது குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். மீன் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

ஒருமுறை வேலையாக நாகப்பட்டினம் போனவன், நவம்பர் மழையில் அங்கே இறங்கினேன். சுவரில் உப்பு பூத்திருந்தது. ஜன்னல் கம்பிகள் செதில் செதிலாக உதிர்ந்தன. அத்தை தாழ்ப்பாள் ஒவ்வொன்றுக்கும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

“எதுக்கு அத்தை இந்த மழைல?”

“மே மாசம் நீங்க வர்றப்ப கதவு திறக்கணும்ல?”

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்துக் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கரையில் பாறைகளைக் கொட்டித்தான் மிச்சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கடலோரத்தில் எந்தக் கட்டடமும் தானாக நிற்பதில்லை; யாரோ நிறுத்தி வைக்கிறார்கள்.

தாத்தா சம்பாதித்துக் கட்டிய வீடு. உயில் இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மகன் மகள் பேதமில்லாமல் நான்கு பிள்ளைகளுக்கும் சம பங்கு. அப்பாவின் பங்கு அம்மாவுக்கும் எனக்கும். சட்டம் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு மே மாதம் தெரியாது, நவம்பர் தெரியாது.

“அத்தை இத்தனை வருஷம் வாடகை இல்லாமதானே இருந்தாங்க?” என்று குழுவில் ஒருவர் எழுதினார். கேட்டதும் கோபம் வந்தது. யோசித்தால் அதிலும் உண்மை இருக்கிறது. மாமா இறந்தபின் அவருக்கு ஒதுங்க இடம் தந்தது அந்த வீடுதான். ஆனால் அந்தக் கணக்கை எடுத்தால் எங்கள் மே மாதங்களையும் அதில் எழுத வேண்டும். பதினெட்டுப் பேரின் சாப்பாட்டையும் தூக்கத்தையும் எந்தப் பத்தியில் எழுதுவது?

சரி, அவருக்குக் கூடுதலாகக் கொடுத்துவிடலாமா? அதைச் சொல்லவும் கூசுகிறது. காவல் காத்ததற்குச் சம்பளம்போல ஆகிவிடும். அன்பாகச் செய்ததற்கு விலை போடுவது அவமானம். அன்பாகத்தானே செய்தார் என்று விலை போடாமல் விடுவது திருட்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி எனக்குப் படுகிறது: பங்கு பிரிப்பதற்கு முன்னால் அவரிடம் கேட்பது. பதினோரு மாதம் இருந்தவருக்கு முதல் சொல்.

இதைக் குழுவில் எழுதி எழுதி மூன்று நாள் அழித்தேன். பங்கு வாங்கப்போகிறவன் பேசும் நியாயம் எனக்கே நம்பும்படி இல்லை. கடைசியில் அத்தைக்குப் போன் செய்தேன்.

“கேள்விப்பட்டேன்” என்றார். “நீயா கேக்குறியா, எல்லாரும் கேக்கச் சொன்னாங்களா?”

“நான்தான் அத்தை.”

கொஞ்ச நேரம் கடல் சத்தம் மட்டும் கேட்டது.

“அப்ப நேர்ல வா.”

இது அக்டோபர். மே வரை காத்திருக்கப் போவதில்லை.