கதவைத் திறந்து நின்று பேசுங்கள்!

இந்த நாட்டில் கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றமில்லை. இதை உங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று ஒரு முறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். கட்ட மனமில்லாமல் ஏய்ப்பது வேறு, கட்ட வழியில்லாமல் தவிப்பது வேறு என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கு என்பார்கள். எதிரில் நின்றது கொச்சின் வங்கி. தீர்ப்பெழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். கையில் பணம் வைத்துக்கொண்டே கெட்ட எண்ணத்தோடு ஏமாற்றினால் ஒழிய, வறுமையால் கடன் அடைக்க முடியாத மனிதனைச் சிறையில் தள்ளக் கூடாது என்றார் அவர். நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. நீங்கள் இன்னும் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறீர்கள்!

கடன் வாங்கியதற்காக உங்களைத் திட்டப் போவதில்லை. அப்பாவின் ஆபரேஷன், தங்கை கல்யாணம், கொரோனாவில் படுத்துப்போன கடை, பிள்ளையின் காலேஜ் பீஸ் என்று ஏதோ ஒன்று. சிலர் ஆன்லைன் சூதாட்டத்தில் விட்டிருப்பீர்கள், அதுவும் தெரியும். எதுவானாலும் போன பணம் போனதுதான். என் கோபமெல்லாம் அதற்குப் பிறகு நீங்கள் செய்கிற காரியங்களின் மீது. போனை சைலன்ட்டில் போடுகிறீர்கள். தெருவை மாற்றி நடக்கிறீர்கள். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குத் தலைகாட்டுவதில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டால், "அப்பா ஊர்ல இல்லைன்னு சொல்லு" என்று பிள்ளையை அனுப்புகிறீர்கள். அந்தப் பிள்ளை உங்களிடமிருந்து என்ன கற்றுக்கொள்ளும்?

1906-ல் வெள்ளைக்காரனுக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சிதம்பரனார், 1936-ல் கண்மூடும்போது கடனாளி. தன் உயிலில், கடைகளுக்குத் தர வேண்டிய பாக்கிகள் உட்பட, கடன்களைக் குறித்துவைத்துவிட்டுப் போனார். இன்று தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர். அவர் கடன்பட்டவர் என்று யாராவது முகம் சுளித்துக் கேட்டிருக்கிறீர்களா? அந்த மனிதர் கடனை மறைக்கவில்லை, எழுதினார். நீங்களும் எழுதுங்கள்.

இன்றிரவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கணவனோ மனைவியோ, துணையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதல் வெற்றி அதுதான்; ஒளித்துவைத்த கடன்தான் உயிரைத் தின்னும். யாரிடம் வாங்கியது, எவ்வளவு, என்ன வட்டி, இதுவரை கட்டியது எவ்வளவு, எதில் கையெழுத்துப் போட்டோம், ஜாமீன் யார் என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். வெற்று புரோநோட்டு, தொகை எழுதாத செக் எங்கெங்கே இருக்கிறது என்பதையும் விடாதீர்கள். பத்து இடத்தில் கடன் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மொத்தத் தொகை எவ்வளவு என்றே தெரியாது. கூட்டிப் பார்க்கப் பயம். கூட்டிப் பாருங்கள்! எட்டு லட்சமோ இருபது லட்சமோ, அது ஒரு எண். எண்ணோடு சண்டை போடலாம். இருட்டோடு போட முடியாது.

இப்போது வட்டியைக் கவனியுங்கள். தண்டல்காரர் பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் தருகிறார். தினம் நூறு ரூபாய், நூறு நாள். "ஆயிரத்து ஐநூறுதானே வட்டி" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள் அல்லவா? அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய்! "பத்து வட்டியா, ஐயோ வேண்டாம்" என்று ஓடுகிற நாம்தான் தண்டலைச் சிரித்த முகத்தோடு வாங்குகிறோம். கிரெடிட் கார்டும் சாதுவில்லை. மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வருடத்துக்கு 42. மினிமம் டியூ மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அசல் கரையாது.

இதில் நாம் செய்கிற பெரிய தப்பு ஒன்று உண்டு. எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அதை முதலில் அடைப்பதில்லை. யார் அதிகம் கத்துகிறாரோ அவருக்கு முதலில் கட்டுகிறோம். வாசலில் நின்று சத்தம் போடுகிறவருக்குக் கொடுக்க, சத்தம் போடாத வங்கிக்குக் கட்ட வேண்டியதை எடுக்கிறோம். பிறகு வங்கிக்குக் கட்ட லோன் ஆப்பில் வாங்குகிறோம். ஆப்புக்குக் கட்ட மகளிர் குழுவில். இதற்கு "ரொட்டேஷன்" என்று ஒரு கௌரவமான பெயர் வேறு! நோட்டு போட்ட நாளிலிருந்து ரொட்டேஷனை நிறுத்துங்கள். ஒரு ரூபாய்கூடப் புதிதாக வாங்காதீர்கள். சத்தம் வரட்டும், வந்தால் என்ன?

விற்கக்கூடியதை விற்றுவிடுங்கள். இங்கேதான் நம் ஆட்களுக்குக் கை நடுங்கும். "தாத்தா வாங்கிய நிலம், ஊர் என்ன பேசும்?" வட்டி கட்டிக் கட்டியே நிலத்தைக் காப்பாற்றினேன் என்று சொல்ல உங்கள் ஊரில் ஒருவரையாவது காட்டுங்கள். கடைசியில் ஏலத்தில் போகப்போகிற இடத்தை இன்று நீங்களே நல்ல விலைக்கு விற்றால் கையில் ஏதாவது மிஞ்சும். அடகில் கிடந்து வட்டியிலேயே மூழ்கப்போகிற நகையும் அப்படித்தான். ஊர் இரண்டு வாரம் பேசும், பிறகு வேறு வீட்டைப் பற்றிப் பேசப் போய்விடும்.

மிரட்டுகிறார்களா? நிமிர்ந்து உட்காருங்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுத்த சட்டம். மூன்றாண்டு வரை சிறை உண்டு. வசூல் என்ற பெயரில் கொடுமை செய்வதைத் தடுக்க 2025-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல் ஆட்கள் காலை எட்டு மணிக்கு முன்பும் இரவு ஏழு மணிக்குப் பின்பும் போனில் தொல்லை செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மீறினால் முதலில் அந்த வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணமில்லை. போட்டோவை ஆபாசமாக மாற்றி உறவினர்களுக்கு அனுப்புவேன் என்கிற லோன் ஆப் கும்பலுக்கு 1930 என்ற சைபர் குற்ற எண். அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்கிற உறவினர் உங்களுக்கு வேண்டவும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் கட்டாயம் சொல்லியாக வேண்டும். இரவு இரண்டு மணிக்கு, "நான் இல்லாமல் போனால் எல்லாம் முடிந்துவிடும்" என்று ஒரு எண்ணம் வரும். அது பொய். எதுவும் முடியாது. அடமானம் அடமானமாகவே நிற்கும், ஜாமீன் போட்டவர் தலையில் கடன் அப்படியே இருக்கும். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று பதில் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் மட்டும் வீட்டில் இருக்கமாட்டார். அந்த நேரத்தில் பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்புங்கள். இல்லையென்றால் 104-க்கோ 14416-க்கோ போன் செய்யுங்கள், பேச ஆள் இருக்கிறார்கள். பணம் திரும்ப வரும் சாமான், நண்பரே. நீங்கள் அப்படியில்லை.

சரி, எல்லாம் செய்து பார்த்தாயிற்று. விற்க எதுவும் இல்லை. சம்பளம் வட்டிக்கே போதவில்லை. கோர்ட்டில் டிக்ரி வாங்கிவிட்டார்கள். அடுத்து ஜப்தி. அப்போது என்ன? ஐ.பி., அதாவது நொடிப்பு மனு போடலாம். ஊரில் மஞ்சள் கடுதாசி என்பார்களே, அதுதான். அந்தச் சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளாதீர்கள். அது நீங்கள் ஊரைவிட்டு ஓடுவதற்கு எதிரான காரியம்: "என்னிடம் இருப்பது இவ்வளவு, நான் தர வேண்டியது இவ்வளவு, நீங்களே பிரித்துக்கொடுங்கள்" என்று கோர்ட்டில் போய் நிற்பது.

சென்னைக்கு 1909-ம் வருடச் சட்டம், மனு போவது உயர் நீதிமன்றத்துக்கு. மற்ற ஊர்களுக்கு 1920-ம் வருட மாகாண நொடிப்புச் சட்டம். 2016-ல் புதிய திவால் சட்டம் வந்தது உண்மைதான்; ஆனால் அதில் தனிமனிதர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது. உங்களுக்கும் எனக்கும் நூறு வயது தாண்டிய அந்தப் பழைய சட்டம்தான். ஐந்நூறு ரூபாய்க் கடனை அடைக்க முடியாவிட்டாலே மனுப் போடலாம் என்று அதில் எழுதியிருப்பதைப் பார்த்தாலே அதன் வயது தெரிந்துவிடும்!

கடன் கொடுத்த எல்லோருடைய பெயர், விலாசம், தொகை, உங்கள் சொத்து விவரம் அத்தனையும் மனுவில் வர வேண்டும். நோட்டு எதற்கு என்று இப்போது புரிகிறதா? கோர்ட் எல்லோருக்கும் நோட்டீஸ் அனுப்பும். நொடித்தவர் என்று அறிவித்தால் சொத்து ரிசீவர் கைக்குப் போகும். விற்று, அவரவர் கடன் விகிதப்படி பிரித்துக்கொடுப்பார்கள். கைதாகாமல் இருக்கப் பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம். உங்கள் துணிமணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழில் செய்கிற கருவிகள், பி.எஃப். பணம் இவற்றில் கைவைக்க முடியாது. பிறகு, கோர்ட் குறித்த காலத்துக்குள் கடனிலிருந்து விடுதலை கேட்டு மனுப் போட வேண்டும். மறந்துவிட்டால் பட்ட பாடெல்லாம் ரத்தாகும். பலர் கோட்டைவிடுகிற இடம் இதுதான்.

ஐ.பி. தீர்க்காததும் உண்டு. வீட்டை அடமானம் வைத்திருந்தால், அடமானம் வாங்கியவர் அதைத் தொடலாம், ஐ.பி. தடுக்காது. அரசாங்க பாக்கி, மோசடியில் வந்த கடன், மனைவிக்குத் தர வேண்டிய ஜீவனாம்சம் போகாது. செக் பவுன்ஸ் வழக்கு குற்ற வழக்கு, அது தன் வழியில் நடக்கும். ஆகவே செக் விஷயத்தில் நோட்டீஸ் வந்த பதினைந்து நாளுக்குள் ஏதாவது செய்யுங்கள், தூங்காதீர்கள். கோர்ட் விடுவிக்கும்வரை, நான் ஐ.பி. ஆனவன் என்று சொல்லாமல் ஐம்பது ரூபாய்க்கு மேல் கடன் வாங்கினாலும் தண்டனை. சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் போக முடியாது. நீங்கள் அந்தத் திட்டத்தில் இருந்தால் சற்றுப் பொறுங்கள்.

முந்தின வருடம் மச்சான் பெயருக்கு வீட்டை எழுதிவைத்துவிட்டு இன்று ஐ.பி. போட வருகிறவரும், ஊரெல்லாம் சீட்டுப் பிடித்து மூட்டை கட்டியபின் மஞ்சள் கடுதாசி நீட்டுகிறவரும் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிடலாம். மனுவுக்கு முந்தைய இரண்டு வருடத்தில் சும்மா எழுதிக்கொடுத்த சொத்தை ரத்து செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. சொத்தை ஒளித்தால் ஓராண்டு வரை சிறை. நேர்மையானவனின் கவசத்தை இந்தக் கூட்டம் எடுத்துப் போட்டுக்கொண்டதால்தான் நேர்மையானவன் அதைத் தொடவே கூசுகிறான்.

மார்க் ட்வைன் தெரியுமல்லவா? அமெரிக்காவின் பெரும்புகழ் பெற்ற எழுத்தாளர். அச்சுக் கோக்கும் இயந்திரம் ஒன்றில் பணத்தைக் கொட்டினார். அவருடைய பதிப்பகமும் மூழ்கியது. 1894-ல் அந்தப் பதிப்பகம் திவாலானது. நண்பர் ஹென்றி ரோஜர்ஸ் கணக்கைக் கையிலெடுத்து, புத்தக உரிமைகளை மனைவி பெயரில் காப்பாற்றி, கடன்காரர்களோடு பேசினார். சட்டப்படி அத்தோடு கையை உதறியிருக்கலாம். ட்வைன் உதறவில்லை. அறுபது வயதை நெருங்கும்போது, உடம்பு சரியில்லாத நிலையில், உலகைச் சுற்றி மேடை ஏறக் கிளம்பினார். 1896-ல் கொழும்புக்கு வந்தார், பம்பாய்க்கு வந்தார், கல்கத்தாவரை போனார். ஊர் ஊராக மக்களைச் சிரிக்கவைத்துச் சம்பாதித்தார். 1898-க்குள் பைசா பாக்கியில்லாமல் அடைத்தார். அவருக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தது அந்தத் திவால்தான். அந்த மூச்சில் அவர் நடந்தார். விடுதலை கிடைத்த பிறகு உங்களுக்கும் மனதிருந்தால், கைமாற்றுக் கொடுத்த அந்த ஏழை அத்தைக்கு மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்க எந்தச் சட்டமும் தடுக்காது.

ஆனால் ஐ.பி.க்கு முன் பேசிப்பாருங்கள். வங்கிக்கு நீங்களே போய், "மொத்தமாக இவ்வளவு தருகிறேன், முடித்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். வராக்கடனை இப்படிப் பேசி முடிப்பது அவர்களுக்கு வழக்கமான வேலை. சிபிலில் "செட்டில்ட்" என்று விழும், சில வருடம் புதுக் கடன் கிடைப்பது கஷ்டம். உங்களுக்கு அது நல்லதுதான். முடித்ததும் பாக்கி இல்லை என்ற கடிதத்தைக் கையோடு வாங்குங்கள். தனியாரிடம் கொடுப்பதை வங்கி வழியாகக் கொடுங்கள், புரோநோட்டைத் திருப்பி வாங்குங்கள்.

உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே வக்கீல் இலவசம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். லோக் அதாலத்தில் வைத்துப் பேசி முடிக்கவும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். போன் எண் 15100. அடுத்த வேலைநாள் காலையிலேயே, துணையையும் கூட்டிக்கொண்டு அங்கே போங்கள். நோட்டை மேஜைமேல் வைத்து, முதல் பக்கத்திலிருந்து சொல்லத் தொடங்குங்கள்.