சண்டை முடிந்த பிறகு

1992 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில், குழந்தைகளுக்கான நேரத்தில், ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ ஒளிபரப்பாகத் தொடங்கியது. புரூஸ் டிம், எரிக் ராடோம்ஸ்கி இருவரும் சேர்ந்து உருவாக்கிய கார்ட்டூன் தொடர். மொத்தம் 85 அத்தியாயங்கள்; ஒவ்வொன்றும் சுமார் 22 நிமிடம். நான் அதை ராத்திரிக்கு ஒன்றாகப் பார்த்து, பார்த்த சூட்டோடு ஒரு நோட்டில் விமர்சனம் எழுதிவருகிறேன். கதை, ஓவியம், இசை, குரல் ஆகிய நான்குக்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுதுவேன். ஐந்தாவதாக ஒரு கேள்விக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறேன்: சண்டை முடிந்த பிறகு என்ன நடக்கிறது? என் மதிப்பீட்டில் ஓர் அத்தியாயம் ஏறுவதும் இறங்குவதும் அந்தப் பதிலை வைத்துத்தான்.

சூப்பர் ஹீரோ கதைகள் பெரும்பாலும் அந்த இடத்துக்கு வருவதே இல்லை. வில்லன் விழுவான், போலீஸ் வண்டி வரும், நாயகன் மாடி உச்சியில் நிற்பான், முடிந்தது. வாழ்க்கையில் காரியம் அங்கே முடிவதில்லை. தப்பு செய்தவர் நம் வீட்டிலேயே இருப்பார், அல்லது அடுத்த மேஜையில் உட்கார்ந்திருப்பார். கண்டித்தாயிற்று, தண்டனையும் ஆயிற்று. மறுநாள் காலையில் அவரிடம் எந்த முகத்தோடு பேசுவது? அதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. ஒதுக்கிவிடத் தெரிகிறது, இல்லையென்றால் எதுவுமே நடக்காததுபோல் மறந்துவிடத் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது எப்படி என்ற கேள்வியைக் குழந்தைகளுக்கான ஒரு தொடர் திரும்பத் திரும்பக் கேட்டது என்பதால்தான் அதன்மேல் எனக்கு இவ்வளவு ஈடுபாடு.

தொழில்நுட்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் இதோடு சேர்ந்ததுதான். வழக்கமாகக் கார்ட்டூன் பின்னணிகளை வெளிர்நிறத் தாளில் தீட்டி, இருட்டை அதன்மேல் சேர்ப்பார்கள். ராடோம்ஸ்கி கறுப்புத் தாளில் தீட்டச் சொன்னார். கதை நடக்கும் கோத்தம் நகரத்தில் இருட்டு முதலிலேயே இருக்கிறது. ஜன்னலும் தெருவிளக்கும் முகமும் அதிலிருந்து எழுந்துவருகின்றன. ஷெர்லி வாக்கர் தலைமையில் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் புதிதாக இசையமைத்து, முழு வாத்தியக் குழுவை வைத்து வாசித்துப் பதிவுசெய்தார்கள். குரல் இயக்குநர் ஆண்ட்ரியா ரொமானோ நடிகர்களை ஆளுக்கொரு நாள் தனியாக அழைத்துப் பேசவைக்காமல், முடிந்த மட்டும் ஒரே அறையில் சேர்த்து உட்காரவைத்துப் பேசவைத்தார். எதிரில் இருப்பவரின் மூச்சைக் கேட்டுக்கொண்டே பதில் பேசியிருக்கிறார்கள். அது காதில் விழுகிறது. பேட்மேன் முகமூடி இல்லாதபோது புரூஸ் வெய்ன். கெவின் கான்ராய் புரூஸ் வெய்னுக்கு ஒரு குரலும் பேட்மேனுக்கு வேறொரு குரலும் வைத்திருந்தார். தோற்றுப்போய்க் கிடக்கும் எதிரியிடம் பேசும்போது அந்தப் பேட்மேன் குரல் இறங்கி, கரகரப்பு குறைந்து, கிட்டத்தட்ட புரூஸின் குரலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கான்ராய் தன்பாலின ஈர்ப்பாளர். தன்னை ஒளித்துக்கொண்டு வாழ்ந்த வருடங்களைப் பற்றியும், அந்த வலியிலிருந்தே பேட்மேன் குரல் பிறந்ததைப் பற்றியும் 2022இல் ஒரு சிறு காமிக்ஸ் கதையாக எழுதினார். அதே ஆண்டு நவம்பரில் காலமானார். அதைப் படித்த பிறகு அந்தக் குரல் இறங்கும் இடங்களை நான் இன்னும் கவனமாகக் கேட்கிறேன்.

‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ மூன்றாவதாக ஒளிபரப்பான அத்தியாயம். பால் டினி எழுத, புரூஸ் டிம் இயக்கியது. எழுத்துக்காக டேடைம் எம்மி விருது வாங்கியது. அதற்கு முன்னால் மிஸ்டர் ஃப்ரீஸ் என்ற வில்லனுக்குக் காமிக்ஸில் பெரிய மரியாதை எதுவும் கிடையாது. 1959இல் மிஸ்டர் ஜீரோ என்ற பெயரில் வந்தவன். உறையவைக்கும் துப்பாக்கி ஒன்று இருந்தது, கதை என்று ஒன்றும் இல்லை. டினி அவனை விக்டர் ஃப்ரைஸ் என்ற விஞ்ஞானி ஆக்கினார். மனைவி நோராவுக்குத் தீராத நோய். மருந்து கண்டுபிடிக்கும்வரை அவளைக் குளிரில் உறையவைத்து உயிரோடு வைத்திருக்கிறான். அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் தலைவர் ஃபெரிஸ் பாய்ல், செலவு கட்டுப்படியாகவில்லை என்று சோதனையை நிறுத்தச் சொல்கிறார். தடுக்கப் போனவனை ரசாயனங்கள் இருந்த மேஜைமேல் உதைத்துத் தள்ளுகிறார். அதற்குப் பிறகு ஃப்ரைஸால் உறைகுளிருக்கு வெளியே உயிர்வாழ முடியாது. பாய்லைக் கொல்லக் கிளம்புகிறான்.

சண்டையில் பேட்மேன் எப்படி ஜெயிக்கிறான் என்பது ஒரு சின்ன அழகு. அவனுக்கு ஜலதோஷம். வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட் கொடுத்தனுப்பிய கோழி சூப் ஃபிளாஸ்க்கில் இருக்கிறது. அந்தச் சூடான சூப்பைத்தான் ஃப்ரீஸின் கண்ணாடித் தலைக்கவசத்தின்மேல் உடைத்துக் கொட்டுகிறான். குளிர்ந்த கண்ணாடி விரிசல் விடுகிறது. உடம்பு சரியில்லாதவனைக் கவனித்துக்கொள்ள ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்பதும், எதிரே நிற்பவன் அப்படிக் கவனித்துக்கொள்ள முயன்ற ஒருத்தியை இழந்தவன் என்பதும் ஒரே ஃபிளாஸ்க்கில் வந்துவிடுகின்றன. டினி இதை எங்கேயும் விளக்குவதில்லை.

அதற்கு அப்புறம் வருவதுதான் என் ஐந்தாவது கேள்விக்கான இடம். பாய்ல் ஃப்ரைஸுக்குச் செய்தது ஒரு வீடியோ டேப்பில் பதிவாகியிருக்கிறது. பேட்மேன் அதைத் தேடி எடுத்திருக்கிறான். மனிதநேயத்துக்காகப் பாய்லைப் பாராட்டி நடக்கும் விழாவில், அந்த டேப்பைத் தொலைக்காட்சி நிருபர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். ஃப்ரைஸுக்கும் விடுதலை இல்லை. அர்க்காம் என்ற மனநல மருத்துவமனையில், குளிரூட்டிய அறையில் அடைக்கிறார்கள். ஒரு நடனக்காரியின் உருவம் வைத்த கண்ணாடி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, நோராவைக் காப்பாற்ற முடியாமல் போனதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்கிறான். வெளியே நின்று பேட்மேன் அதைப் பார்க்கிறான். அவன் அங்கே நிற்க வேண்டிய அவசியமே இல்லை. வேலை முடிந்துவிட்டது. இருந்தும் நிற்கிறான்.

எனக்கு ஒரு வக்கீல் நண்பர் இருக்கிறார். அவரை வீட்டுக்கு வரவழைத்து இந்த அத்தியாயத்தைப் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டுக் கோபமாகவே கேட்டார். “ஏம்ப்பா, வில்லனுக்கு ஒரு பொண்டாட்டியும் ஒரு வியாதியும் கொடுத்துட்டா எல்லாம் சரியாயிடுமா? அடிபட்டவன் வீட்டுக் கதையை எவன் எடுக்கிறான்?” கோர்ட்டில் தினமும் இதைப் பார்க்கிறவர். முன்கதை சொல்லி அழவைத்தே தப்பித்தவர்களைப் பார்த்திருக்கிறார். அவர் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது வருகிற சில படங்களில் குற்றவாளியின் துக்கத்தைக் காட்டும் அழகில் செத்தவர்களின் பெயர்கூட நினைவில் நிற்பதில்லை. ஆனால் ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ அப்படிச் செய்யவில்லை என்பதைத்தான் அவரிடம் சொன்னேன். நடுவில் ஒரு காட்சி உண்டு. ஃப்ரீஸின் அடியாள் ஒருவனுக்கு ஃப்ரீஸின் துப்பாக்கியாலேயே கால்கள் உறைந்துபோகின்றன. அவனை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறான் ஃப்ரீஸ். மனைவிக்காக உருகுகிறவன் தன் ஆளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கொடுமையை மறைக்காமல் காட்டிவிட்டுத்தான் கடைசியில் அவன் அழுவதைக் காட்டுகிறார்கள். துக்கம் குற்றத்தைக் கழுவவில்லை, குற்றமும் துக்கத்தைப் பொய்யாக்கவில்லை. நண்பர் முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. பாய்லைப் பற்றிய பகுதி மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இதற்குப் பக்கத்தில் வரும் ஒன்றை நேரில் பார்த்திருக்கிறேன். அங்கே காசாளராக இருந்த ஓர் இளைஞன் பணத்தைக் கையாடல் செய்து மாட்டிக்கொண்டான். சஸ்பெண்ட் ஆனான், விசாரணை நடந்தது, பணத்தைக் கட்டினான், இன்கிரிமென்ட் நிறுத்தப்பட்டு வேறு பிரிவில் வந்து உட்கார்ந்தான். அவன் வந்து சேர்ந்த நாளிலிருந்து மதியம் யாரும் அவனோடு சாப்பிட உட்காரவில்லை. எங்கள் சூப்பிரண்டென்ட் ஓர் அம்மாள். டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்பு அவன் மேஜைப் பக்கம் பார்த்து, “தம்பி, வா, சாப்பிடலாம்” என்று தினமும் கூப்பிடுவார். சீனியர் ஒருவர் பொறுக்காமல், “நீங்க இப்படி இடம் கொடுத்தா மறுபடியும் கை வைப்பாம்மா” என்றார். அம்மாள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “சாவி எங்கிட்ட இருக்கு. சோறு வேற விஷயம்.” அவர் ஓய்வுபெறும்வரை சேஃப் சாவி அந்தப் பையன் கைக்குப் போகவில்லை, அவன் தனியாகச் சாப்பிடவும் இல்லை. நீதியையும் கருணையையும் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சூப்பிரண்டென்ட் அம்மாள் இல்லாத இடங்களில் என்ன நடக்கும் என்பதைக் காட்டுகிறது 1994இல் வந்த ‘ஹார்லீஸ் ஹாலிடே’. ஜோக்கர் என்ற வில்லனின் கூட்டாளியாக இந்தத் தொடருக்காகவே படைக்கப்பட்டவள் ஹார்லி குவின். அதற்குப் பிறகுதான் காமிக்ஸுக்குப் போனாள். இந்த அத்தியாயத்தில் குணமாகிவிட்டாள் என்று சொல்லி அவளை அர்க்காமிலிருந்து விடுவிக்கிறார்கள். சந்தோஷமாகக் கடைக்குப் போகிறாள், ஒரு உடை எடுக்கிறாள், பணமும் கொடுக்கிறாள். உடையில் மாட்டியிருந்த அலார வில்லையைக் கழற்றாமலே விட்டுவிடுகிறார்கள். வாசலைத் தாண்டும்போது அலாரம் அடிக்கிறது. காவலாளி நெருங்கி வருகிறார். அவர் கேட்க வந்தது சாதாரண விஷயம். ஆனால் அவள் காதில் விழுவது அர்க்காமின் கதவுச் சத்தம். பதறுகிறாள், பழைய வேஷத்தைப் போட்டுக்கொள்கிறாள், ஒரு பெண்ணை இழுத்துக்கொண்டு ஓடுகிறாள், அந்தப் பெண்ணின் அப்பாவான ராணுவ ஜெனரல் டாங்கியில் துரத்துகிறார். ஒரு சின்ன அலார வில்லையில் தொடங்கி ஊரே அல்லோலகல்லோலப்படுகிறது. சிரிக்கச் சிரிக்க எடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்த வாசல் காட்சியில் மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒருமுறை தவறியவர்களுக்கு ஒவ்வொரு வாசலிலும் அந்த அலாரம் மாட்டியிருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் நாள் கணக்கு டேலி ஆகாதபோதெல்லாம், கணக்கோடு சம்பந்தமே இல்லாத அந்தப் பையனை நோக்கித் தலைகள் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

முடிவில் பேட்மேன் அவளைத் திரும்ப அர்க்காமுக்கே கொண்டுவந்து சேர்க்கிறான். செய்ததற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதில் சலுகை இல்லை. ஆனால் போகும்முன் அவள் காசு கொடுத்து வாங்கிய அந்த உடையை அவளிடம் கொடுக்கிறான். இத்தனை தொந்தரவு கொடுத்த என்னை ஏன் விட்டுவிடாமல் பின்னாலேயே வந்தாய் என்று கேட்கிறாள். தனக்கும் ஒரு மோசமான நாள் வந்ததுண்டு என்கிற அர்த்தத்தில் சுருக்கமாகச் சொல்கிறான். சின்ன வயதில் தாய் தகப்பனைத் தெருவில் பறிகொடுத்தவன் பேச்சு அது. அறிவுரை கிடையாது. என் நோட்டில் இந்த அத்தியாயத்துக்குக் கீழே ஐந்தாவது குறிப்பு மட்டும் ஒரு பக்கம் ஓடுகிறது.

எல்லா அத்தியாயமும் இப்படி இல்லை. ‘ஐ’வ் காட் பேட்மேன் இன் மை பேஸ்மென்ட்’ என்று ஒன்று உண்டு. மயங்கிக் கிடக்கும் பேட்மேனைச் சிறுவர்கள் பெங்குவின் என்ற வில்லனிடமிருந்து வீட்டுக்குள் ஒளித்துவைக்கும் கதை. பெங்குவின் அதில் துரத்துவதற்கும் தோற்பதற்கும் மட்டுமே இருக்கிறான். சண்டைக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு நான் எழுதியது ஒரே ஒரு கோடு.

தொடரின் பெரிய குறை வேறு. அர்க்காம் என்பது மனநல மருத்துவமனை. குற்றவாளிகளில் பாதிப் பேரை அங்கே கொண்டுபோய் அடைக்கும்போது, மனநோய் வந்தவர் என்றாலே ஆபத்தானவர் என்ற எண்ணத்தை இந்தத் தொடரும் குழந்தைகள் மனதில் விதைத்துவிட்டது. சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். எழுதியவர்களுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் ‘லாக்-அப்’ என்ற அத்தியாயம் அர்க்காமுக்கு உள்ளேயே போய்ப் பார்க்கிறது. லைல் போல்ட்டன் என்ற பாதுகாப்பு அதிகாரி உள்ளே இருப்பவர்களைக் கொடுமைப்படுத்துகிறான். ஊரையே பயமுறுத்திய ஸ்கேர்குரோ என்ற வில்லன் அவனுக்குப் பயந்து தப்பி ஓடுகிறான். விசாரணையில் சாட்சி சொல்ல வருகிறவர்கள் பேட்மேன் பிடித்து உள்ளே போட்ட அதே ஆட்கள். அவர்கள் சொல்வதை உட்கார்ந்து கேட்கிறவர்களில் புரூஸ் வெய்னும் ஒருவன். பிடித்து உள்ளே போட்டதோடு தன் பொறுப்பு தீர்ந்தது என்று அவன் நினைத்திருந்தால் போல்ட்டன் வேலையில் நீடித்திருப்பான். சிறையில் என்ன நடக்கிறது, சீர்திருத்தப் பள்ளியில் என்ன நடக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

இந்தத் தொடரைப் புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் வரிசையாகத்தான் பார்க்க வேண்டும் என்று இல்லை. ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’, ‘ஹார்லீஸ் ஹாலிடே’, ‘லாக்-அப்’ மூன்றையும் முதலில் பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். வில்லன் விழுந்ததும் எழுந்துபோய்விடுவார்கள். கடைசி இரண்டு நிமிடம் முடியும்வரை அவர்களை உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.